முதலில் நம் வீட்டு டிரம்

கண்ணு பிரபு,

நேற்று பஸ் ஸ்டாண்டில் உன் பெரிய மாமா, தம்பிக்கு இன்னா வேலை கிடைத்திருக்கிறது என்று கேட்டபோது நீ சொன்ன பதில் எனக்குப் பிடிக்கவே இல்லை. “சும்மா, கொசு புடிக்கிற வேலை மாமா” என்றாய். அவர் சிரித்தார், கூட வந்தவர்கள் சிரித்தார்கள், நீயும் சேர்ந்து சிரித்தாய். எனக்குச் சுருக்கென்றது. ஊருக்குக் கிளம்புகிற பிள்ளையைத் திட்டி அனுப்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். திண்டிவனம் பஸ் புறப்பட்ட பிறகு வீட்டுக்கு வந்து தையல் மெஷினில் உட்கார்ந்தால், ஊசியில் நூல் கோக்கக் கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான். நீ “சரிம்மா, சரிம்மா” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். மதுரையில் ரூம் கிடைத்து, பெட்டியைப் பிரித்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து முழுதாகப் படி.

இந்தச் ‘சும்மா’வை நீ உன் அப்பாவிடமிருந்து பிடித்துக்கொண்டாய். உப்பளத்தில் நாள் முழுக்க வெயிலில் நின்று உப்பு வாரி, பாதம் வெடித்து வீடு திரும்புவார். இன்றைக்கு என்ன வேலை என்று கேட்டால் ‘சும்மாதான்’ என்பார். அவரை இனித் திருத்த என்னால் ஆகாது. நீ அப்படியில்லை, உன்னை இன்னும் இரண்டு அதட்டு அதட்டலாம். உன் வேலை என்ன என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதை நீ முதன்முதலில் செய்தது என் சமையலறை ஜன்னலோரத்தில், என் கரண்டியை எடுத்துக்கொண்டு.

நீ விலங்கியல்தான் படிப்பேன் என்று நின்றபோது பெருமுக்கல் சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள். நர்சிங் படித்தால் வெளிநாடு, டிப்ளமோ படித்தால் கம்பெனி, இவன் பூச்சியைப் பார்த்து என்ன கிழிக்கப் போகிறான் என்றார்கள். நான் அங்கே உனக்காக அவர்களோடு சண்டை போட்டேன், வீட்டுக்கு வந்து அவர்களுக்காக உன்னோடு சண்டை போட்டேன். நீ அசையவில்லை. சின்ன வயதிலேயே அப்படித்தான். வாய்க்கால் ஓரத்து நண்டுகளைப் பிடித்து வந்து, பெரிய கொடுக்கு வலப்பக்கம் உள்ளவற்றை என் குக்கரிலும், இடப்பக்கம் உள்ளவற்றைக் குழம்புச் சட்டியிலும் பிரித்து விட்டிருந்தாயே, நினைவிருக்கிறதா? முதுகில் ஒன்று வைத்தேன் என்று இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாய். வேலை முடிந்து பசியோடு வருகிற ஆளுக்கு நான் எதில் சோறு வைப்பது, அதைச் சொல்.

இப்போது அந்தக் கார்த்திகைக்கு வருகிறேன். நீ புதுச்சேரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். மழை விடாமல் பெய்து காலேஜுக்கு லீவு விட்டு, வீட்டில் இருந்தாய். அளத்தில் வேலை நின்று போயிருந்தது. பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர், வரப்பெல்லாம் கொக்கு. அப்போதுதான் நம் தெருவில் காய்ச்சல் ஆரம்பித்தது. ஒரு வீட்டில் கிடந்தால் மறுநாள் பக்கத்து வீட்டில் கிடந்தார்கள். எதிர்வீட்டுப் பிலோமினாவின் மகள் ஸ்டெல்லாவுக்கு உடம்பில் சிவப்புப் புள்ளி வந்து, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு என்று சொல்லிவிட்டார்கள். பிலோமினா குழந்தையோடு அங்கேயே தங்கிவிட்டாள். அவள் வீட்டுக் கதவு பூட்டியே கிடந்தது.

ரோட்டோர வீடுகளிலும் ஓரிருவருக்குக் காய்ச்சல் வந்ததும் பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. கொசு எல்லாம் அளத்து வாய்க்காலிலிருந்துதான் வருகிறது, அந்த வாய்க்காலை அடைத்தால்தான் ஊர் பிழைக்கும் என்று ஹார்டுவேர் கடைக்காரர் ஆரம்பித்தார், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஜேசிபி கொண்டுவந்து வாய்க்காலின் வாயில் மண் கொட்டிவிட வேண்டும், அடுத்த ஊர்க் கூட்டத்தில் முடிவு செய்வோம் என்றார்கள். வாய்க்கால் அடைந்தால் தை பிறந்ததும் அளத்துக்குக் கழிமுகத்துத் தண்ணீர் ஏறாது. தண்ணீர் ஏறாவிட்டால் உப்பு இல்லை, உப்பு இல்லாவிட்டால் நம் தெருவில் யாருக்கும் அந்த வருஷம் வேலை இல்லை. உன் அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் சும்மாதான் பசியில்லை என்றார்.

நீ அவரைக் கூட்டிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனாய். போகும்போது என் மாவுக் கரண்டியையும் வெள்ளைப் பீங்கான் தட்டையும் எடுத்துக்கொண்டு போனாய், என்னைக் கேட்கவில்லை. திரும்பி வந்து தட்டை ஜன்னலோரம் வைத்து, காலேஜில் ஜெராக்ஸ் எடுத்த காகிதத்தை விரித்தாய். ‘இனங்காணும் திறவுகோல்’ என்று மேலே போட்டிருந்தது. நீங்கள் காலேஜில் கீ என்றுதான் சொல்வீர்களாம். கரண்டியைத் திட்டிக்கொண்டே பக்கத்தில் வந்து பார்த்த என்னை, நீ அப்படியே பிடித்து உட்கார வைத்துவிட்டாய். ஒவ்வொரு நம்பருக்கும் இரண்டே வாக்கியம். உன் கையில் இருக்கிற உயிருக்கு எது பொருந்துகிறதோ, அதன் பக்கத்தில் போட்டிருக்கிற நம்பருக்குப் போ. அங்கே மறுபடி இரண்டு வாக்கியம். போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் பெயர் நிற்கும். பெயரை முதலில் நினைத்துக்கொண்டு காரணத்தைத் தேடக் கூடாது, கண்ணில் படுவதை மட்டும் சொல்ல வேண்டும் என்றாய்.

எனக்கு அது உடனே பிடிபட்டது. பிளவுஸ் பிடிக்கிறது என்று எவளாவது வந்தால் நானும் அதைத்தானே செய்கிறேன்? கையைத் தூக்கினால் பிடிக்கிறதா, தூக்காமலேயே பிடிக்கிறதா? தூக்கினால் என்றால் அக்குளா, தோளா? இப்படிக் கேட்டுக் கேட்டுப் போனால்தான் எந்தத் தையலைப் பிரிப்பது என்று தெரியும். எடுத்த எடுப்பிலேயே கத்தரிக்கோலை வைத்தால் துணி போய்விடும். அதை நான் சொன்னதும் நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, உன் வாத்தியாருக்குக்கூட அந்தப் பார்வை கிடைத்திருக்காது.

தட்டில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தண்ணீர் மேல்மட்டத்தோடு படுத்திருக்கிறதா, தலைகீழாகத் தொங்குகிறதா என்று கேட்டாய். பெரும்பாலானவை படுத்திருந்தன. படுத்திருப்பதற்கு மூச்சுக்குழல் கிடையாது, அது வேறு சாதிக் கொசு, டெங்குவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாய். உன் அப்பா முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. ஆனால் ஒன்றிரண்டு தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அடுத்த நம்பர்: குழல் நீண்டு மெலிந்திருக்கிறதா, குட்டையாகத் தடித்திருக்கிறதா? உன் லென்ஸை வைத்து நானும் பார்த்தேன், நீயும் பார்த்தாய். எனக்கு நீளமாகத்தான் தெரிந்தது. நீ உதட்டைப் பிதுக்கினாய். மைக்ரோஸ்கோப் இல்லாமல் இதற்கு மேல் சொல்ல முடியாது, காலேஜ் பூட்டியிருக்கிறது, கொசுவாக வளரவிட்டுப் பார்க்கலாம் என்றாய்.

உன் அப்பா அன்றைக்குப் பேசியதை நான் மறக்க மாட்டேன். அவர் யாரிடமும் கெஞ்சிப் பழகியவர் இல்லை. “டேய், கூட்டம் நெருங்கிடுச்சுடா. நம்ம வாய்க்கால்ல அந்தக் கொசு இல்லன்னு சொல்லிடு. நீ படிச்சவன், நீ சொன்னா கேப்பாங்க” என்றார். நீ காகிதத்தை மடித்துக்கொண்டே, “பாக்காம சொல்ல மாட்டேம்பா. இருந்துச்சுன்னா இருக்குதுன்னுதான் சொல்லுவேன்” என்றாய். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு உன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பெற்ற அப்பன் கேட்கிறார், ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று அன்று முழுக்க உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு மட்டும் போட்டேன்.

அதற்கு மேலே நீ இன்னொரு காரியம் செய்தாய். வாய்க்காலை மட்டும் பார்த்தால் போதாது, எல்லாத் தண்ணீரையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, நேராக வந்து நம் வீட்டு நீல டிரம்மின் ஓரம் உடைந்த மூடியைத் தூக்கினாய். வாய்க்காலில் மொண்ட கரண்டியோடு நல்ல தண்ணீர் டிரம்முக்கு வந்தால் எவளுக்குத்தான் பொறுக்கும்? நம் ஊரில் தரைக்குக் கீழே எங்கே தோண்டினாலும் உப்பு. குழாயில் என்றைக்கு வரும், எவ்வளவு நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் டிரம்மின் அடி தெரியக் கூடாது என்பது நம் தெருவில் ஒரு வழக்கம். பாதி குறைந்ததும் மேலே ஊற்றுவோம், குறைந்ததும் ஊற்றுவோம். இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்ததிலிருந்து என் டிரம்மைக் கவிழ்த்ததே இல்லை. அதை நான் ஒரு கௌரவமாகவே வைத்திருந்தேன். நீ கரண்டியை நன்றாகக் கழுவிவிட்டு வந்து, மெதுவாக ஓரமாக மொண்டு, தட்டில் ஊற்றி என் முன்னால் வைத்தாய். எல்லாம் தொங்கின. என் கண்ணுக்கே குழல் குட்டையாகத் தெரிந்தது.

அப்போதுகூட நீ பெயர் சொல்லவில்லை. இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து, ஒன்றில் வாய்க்காலில் தொங்கியவை, ஒன்றில் டிரம்மில் தொங்கியவை என்று போட்டு, என் லைனிங் துணியால் வாயைக் கட்டி, என் தையல் சாக்பீஸால் எழுதி ஜன்னலில் வைத்தாய். நான் மெஷினில் உட்கார்ந்து பெடலை மிதித்துக்கொண்டே அந்தப் பாட்டில்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமியிடம் என்ன வேண்டிக்கொள்வது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வாய்க்கால் பாட்டிலில் வந்தால் வயிற்றில் அடி, டிரம் பாட்டிலில் வந்தால் முகத்தில் அடி.

கூட்டத்தன்று காலையில் இரண்டிலும் கொசு பறந்துகொண்டிருந்தது. நீ என்னைக் கூப்பிட்டாய். காகிதத்தில் கடைசி நம்பர்: முதுகில் வெள்ளைக் கோடுகள் உண்டா, இல்லையா? வாய்க்கால் கொசு பழுப்பாக, ஒன்றுமில்லாமல் இருந்தது. டிரம் கொசு கருப்பு, முதுகில் சுண்ணாம்பால் கோலம் போட்ட மாதிரி வெள்ளைக் கோடு, காலெல்லாம் வெள்ளை வளையம். நானே படித்தேன், நானே சொன்னேன், “இருக்குது” என்று. டெங்கு பரப்புவது இதுதான் என்று நீ அப்போதுதான் வாய் திறந்தாய். உன் அப்பா வந்து பார்த்தார். அவருக்கு வாய்க்கால் தப்பித்த சந்தோஷம் ஒரு பக்கம். உடனே இன்னொன்று உறைத்தது. வாய்க்கால்ல இல்லன்னு மட்டும் சொல்லு, டிரம் விஷயத்த நம்ம தெருவுக்குள்ளயே பாத்துக்கலாம் என்றார். நானும் அதையேதான் சொன்னேன். ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, எதிர்வீட்டு டிரம்மிலிருந்துதான் அந்தக் கொசு போயிருக்கும் என்று பிலோமினா நினைத்தால் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? நீ இரண்டு பாட்டிலையும் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாய்.

சமுதாயக் கூடத்தில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. நீ எழுந்து நின்று இரண்டு பாட்டிலையும் மேசையில் வைத்தாய். வாய்க்காலில் எங்கெங்கே மொண்டேன், என்ன வந்தது, மொண்டு பார்த்த இடம் எதிலும் டெங்குக் கொசு இல்லை என்று சொன்னாய். நம் தெருக்காரர்கள் கை தட்ட ஆரம்பித்தார்கள். நீ கையைக் காட்டி நிறுத்தினாய். “இந்த பாட்டில்ல இருக்கறதுதான் டெங்குக் கொசு. இது எங்க வீட்டு டிரம்ல எடுத்தது” என்றாய். எத்தனை கண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தன தெரியுமா? ஹார்டுவேர் கடைக்காரர் விடவில்லை. “அப்ப ஒங்கம்மாதான் ஜுரத்த வளத்து உட்டாங்களா?” என்று கேட்டார்.

கோபப்படுவாய் என்று நினைத்தேன். நீ கோபப்படவில்லை. “எங்கம்மா வளக்கலைங்க. தண்ணி இல்லாத ஊர்ல தண்ணிய மூடி வச்சாங்க. அதுல இன்னா இருக்குதுன்னு அவங்களுக்குத் தெரியாது, எனக்கும் போன வாரம் வரைக்கும் தெரியாது. ஒங்க வீட்டு சம்ப்புல இன்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. பாக்காம சொல்ல மாட்டேன். கூப்ட்டீங்கன்னா வந்து பாக்கறேன்” என்றாய். அவர் உட்கார்ந்துவிட்டார். உன்னை நான் பெற்றதற்குப் பெருமைப்பட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அப்போது எனக்குப் பெருமையெல்லாம் வரவில்லை, பெருமை பிறகுதான் வந்தது. அப்போது உன்னை நாலு சாத்து சாத்தலாமா என்றுதான் இருந்தது. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்து வீட்டுக்கு நடந்தேன்.

வந்து டிரம்மை இழுத்தேன். அசையவில்லை. தோளைக் கொடுத்து, நகர்த்தி நகர்த்தி வாசல்வரை கொண்டுவந்துவிட்டேன். சாய்க்க முடியவில்லை. கூட்டத்திலிருந்து திரும்பி வந்த பெண்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தியும் கிட்டே வரவில்லை. நல்ல தண்ணீரைக் கீழே ஊற்றுகிறவளை நம் தெரு அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்துப் பிலோமினா துணிமணி எடுத்துப்போக ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேர்ந்தாள். பஸ் ஸ்டாண்டிலேயே யாரோ எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். கையிலிருந்த பையை என் வாசல்படியில் வைத்தாள். எனக்கு அவளைப் பார்க்கத் தைரியம் இல்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று டிரம்மைப் பார்த்தபடியே ஆரம்பித்தேன்.

“ஒருத்தரா சாய்க்க முடியாதுக்கா. அந்தப் பக்கம் புடிங்க” என்றாள். இருவரும் சேர்ந்து கவிழ்த்தோம். தண்ணீர் தெரு நெடுக ஓடியது. அடியில் பாசியும் மண்ணுமாக என்னென்னமோ கிடந்தது, வருஷக்கணக்கில் நாம் குடித்த தண்ணீர் அது. ஸ்டெல்லா காலையில் கண்ணைத் திறந்து இட்லி கேட்டாள் என்று தேங்காய் நாரால் டிரம்மின் பக்கங்களைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். நீ வந்து நின்றாய். முட்டை பக்கத்தில்தான் ஒட்டியிருக்கும், நன்றாக அழுத்தித் தேயுங்கள் என்று எங்களுக்குப் பாடம் வேறு எடுத்தாய். பிலோமினா நிமிர்ந்து பார்த்து, “எங்க வீட்லயும் டிரம் இருக்குது பிரபு, வந்து பாரு” என்று சாவியை உன் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் மற்ற வாசல்களிலிருந்து ஒவ்வொருத்தியாக உன்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மறுநாள் ரோட்டோரத்திலிருந்தும் ஆள் வந்தது. அங்கே சில சம்ப்பில் இருந்தது, சிலதில் இல்லை. நீ பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாய்.

மதுரை பெரிய ஊர். அங்கே கொசு ஆராய்ச்சி ஆபீசில் உன்மேல் ஒருவர் அதிகாரியாக இருப்பார், அவருக்குமேல் ஒருவர் இருப்பார். சீக்கிரம் சொல்லு, இன்றைக்கே சொல்லு, இப்படிச் சொல்லு என்று கேட்பார்கள். அவர்களும் பாவம், அவர்களுக்கும் ஒரு கூட்டம் இருக்கும். மரியாதையாகப் பேசு. ஆனால் அடுத்த நம்பர் தெரியாவிட்டால் தெரியாது என்று நில். பெற்றவர்களுக்காக வளையாத வாய் மற்றவர்களுக்காக வளைந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இன்னொன்று, நாலு பேர் நடுவில் அம்மா டிரம்மைப் பற்றிச் சொல்லப் போகிறாய் என்றால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லித் தொலை, நல்ல சேலையாவது கட்டிக்கொண்டு வருவேன்.

கடைசியாக ஒன்று. வாய்க்காலை யாரும் அடைக்கவில்லை, அது உனக்கே தெரியும். தை பிறந்து மதகைத் திறந்தபோது நீ காலேஜுக்குப் போய்விட்டாய். நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். தண்ணீர் வந்து முதல் பாத்தியில் ஏறியதும் எல்லோரும் மண்வெட்டியோடு இறங்கினார்கள், அவர் மட்டும் வரப்பிலேயே நின்றார். கிட்டே போய்ப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அது ஒன்றுதான். வாய்க்கால்தான் திறந்துவிட்டதே, இப்போது எதற்கு அழுகை என்று கேட்டேன். “நான் கேட்டும் எம்புள்ள பொய் சொல்லல பாரு” என்றார். இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்று அங்கேயே என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். இத்தனை நாள் காப்பாற்றினேன். இனி என்னால் ஆகாது, எழுதிவிட்டேன்.

உன் அம்மா